இறங்கவேண்டிய ஸ்டேஷன்

கேள்வி: வயது 26, சென்னையில் வேலை. பறக்கும் ரயிலில் பழக்கமான ஒருவரை நான்கு மாதமாகக் காதலிக்கிறேன். திருவான்மியூரில் இறங்கவேண்டிய நான், அவருக்காக வேளச்சேரி வரை போய்த் திரும்புகிறேன். செப்டம்பர் கடைசியில் அவர் முதுகலை படிக்க ஜெர்மனி போகிறார். போன வாரம் தி.நகரில் பெட்டி வாங்கக் கூட்டிப்போனார். நீலக் கலரை நான்தான் எடுத்துக்கொடுத்தேன், வீட்டுக்கு வந்து அழுதேன். நிலைக்காது என்று தெரிந்தும் தொடர்வதா, இப்போதே விலகிவிடுவதா?
— பெயர் வேண்டாம், சென்னை.

பதில்: நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். 'நிலைக்காது' என்று பக்கத்துக்கு இரண்டு தடவை வருகிறது, ஆனால் அவர் அப்படிச் சொன்னதாக ஓரிடத்தில்கூட இல்லை. நீங்கள் கேட்கவே இல்லை, சரிதானே? கேட்டால் மிச்சமிருக்கிற நாளும் கெட்டுவிடுமோ என்ற பயம். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. உங்கள் வயதில் ஒருவரிடம் கேட்காமலே ஒரு வருஷம் ஓட்டினேன், பதில் கடைசியில் கல்யாணப் பத்திரிகையாக வந்தது.

பெட்டியை வைத்து ஜோசியம் பார்க்காதீர்கள். கலர் எடுக்கத் தெரியாத ஆண்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள்.

நேர வித்தியாசம் ஒன்றும் பெரிதில்லை. கோடையில் 3½ மணி, குளிர்காலத்தில் 4½ மணி; நீங்கள் இரவு 9.30க்குச் சாப்பிட்டுக் கை கழுவும்போது அங்கே சாயங்காலம்தான், தாராளமாகப் பேசலாம். 'ரெண்டே வருஷம்' என்கிறாராமே, எனக்கு அதுதான் இடிக்கிறது. படிப்பு பெரும்பாலும் 2 வருஷம்தான், ஆனால் முடித்தபின் வேலை தேட அங்கே 18 மாதம் வரை தங்க அனுமதி உண்டு, கடன் வாங்கிப் போகிறவர் அதை விட்டுவிட்டா வருவார்? வேலை கிடைத்துவிட்டால் அப்புறம் லீவுக்குத்தான் வருவார். அதனால் 'எப்போ வருவீங்க' என்று கேட்டுப் பிரயோசனமில்லை. 'அங்கேயே வேலை கிடைச்சா நான் எங்கே?' என்று கேளுங்கள். மழுப்பினால் விலகுவதைப் பற்றி அப்போது யோசிக்கலாம். ஆள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே ஏன் வழியனுப்பிவிட்டு அழுகிறீர்கள்?

ஏர்போர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அங்கே அவருடைய அம்மா, சித்தப்பா, அத்தை பிள்ளைகள் என்று ஒரு வேன் நிறைய ஆட்கள் நிற்பார்கள், நீங்கள் 'ஃப்ரெண்ட்' என்று ஓரமாகச் சிரித்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான். வேளச்சேரியில் திரும்பும் ரயிலுக்குக் காத்திருப்பீர்களே, அந்தப் பத்து நிமிஷம் போதும், அவரையும் கொஞ்சம் நிற்கச் சொல்லுங்கள்.