ஃபோர் வீல் விழவில்லையா? மலையோரப் பிக்கப் ஓட்டுநர்களின் கேள்விகளும் பதில்களும்

போடியில் பட்டறை வைத்திருக்கிறேன். மேலே பூப்பாறை, சாந்தன்பாறை, சூரியநெல்லி என்று ஏலத் தோட்டத்து வண்டிகள்தான் அதிகம் வரும். ஜூனில் மழை பிடித்ததும் "ஃபோர் வீல் விழமாட்டேங்குது", அதாவது நான்கு சக்கரமும் இழுக்கிற நிலை பிடிக்கவில்லை என்ற பேச்சும் கூடவே வந்துவிடும். ஓட்டுநர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்தை எடுத்திருக்கிறேன். 2எச் என்றால் பின் சக்கரம் மட்டும் இழுக்கும், 4எச் என்றால் நான்கும் இழுக்கும், 4எல் என்றால் நான்கும் மெதுவாக, அதிக பலத்தோடு இழுக்கும்.

பூப்பாறையிலிருந்து: அண்ணே, குமிழைத் திருப்புகிற மாடல் பிக்கப். 4எச் போட்டால் மீட்டரில் விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறது, நிலையாக எரிய மாட்டேன் என்கிறது. ட்ரான்ஸ்ஃபர் கேஸை இறக்கணும் என்று ஒருவர் சொல்கிறார்.

இப்போதைக்கு இறக்க விடாதீர்கள் தம்பி. விளக்கு மின்னினால், உத்தரவு போய்விட்டது, வேலை முடிந்த தகவல் இன்னும் திரும்பி வரவில்லை என்று அர்த்தம். வேலை நடக்கிற இடம் இரண்டு. முதலில் ட்ரான்ஸ்ஃபர் கேஸில், அதாவது இன்ஜின் பலத்தை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கிற பெட்டியில் இருக்கிற சின்ன மோட்டார் சுற்றி கியரை மாற்ற வேண்டும், அப்புறம் பல மாடல்களில் முன் ஆக்சிலில் ஒரு வளையம் நகர்ந்து சக்கரத்தோடு சேர வேண்டும். எது நின்றுபோனது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, இன்ஜினைப் போடாமல் சாவியை மட்டும் திருப்பி, நியூட்ரலில் வைத்து, ஒருவரைக் குமிழைத் திருப்பச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் குனிந்து காது கொடுங்கள். 'விர்ர்' என்று ஒரு சத்தம் வந்து நின்றால் மோட்டாருக்கு உயிர் இருக்கிறது. சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, அப்புறம் மோட்டாருக்குப் போகிற பிளக். பிளக்கைக் கழற்றினால் உள்ளே பச்சைப் பாசி மாதிரி பூத்திருக்கும், சேற்றுத் தண்ணீர் செய்கிற வேலை அது. பேட்டரி தளர்ந்திருந்தாலும் மோட்டார் பாதியில் நின்றுவிடும்.

சத்தம் வந்தும் விளக்கு மின்னினால் முன் ஆக்சிலைப் பாருங்கள். வேக்கத்தில், அதாவது காற்று உறிஞ்சலில் இயங்குகிற மாடலாக இருந்தால் மெல்லிய ரப்பர் ஹோஸ் ஒன்றோ இரண்டோ அங்கே வரும். இன்ஜின் ஓடும்போது, 4எச் போட்டு, ஹோஸைப் பிடுங்கி அந்த ஹோஸின் வாயில் விரலை வையுங்கள். இரண்டு இருந்தால் ஒன்றாவது விரலை இழுத்துப் பிடிக்க வேண்டும். எதுவும் இழுக்கவில்லையென்றால் வழியில் எங்கோ ஓட்டை. போன மழையில் ஒரு வண்டி, பெரிய செலவு என்று வேறு இடத்தில் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். பேட்டரிக்குக் கீழே கையை விட்டுத் தடவினால் ஹோஸில் எலி கடித்த பல்தடம் விரலில் தட்டுப்பட்டது. ஏலக்காய் ஸ்டோருக்குப் பக்கத்தில் ராத்திரி நிறுத்துகிற வண்டி. ஒரு அடி ஹோஸ், இரண்டு கிளிப், அவ்வளவுதான். அந்த ஓட்டுநர் முகத்தை நான் மறக்கவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன்.

வண்டன்மேடு: பழைய லிவர் வண்டி. லிவர் நன்றாக விழுகிறது, ஆனால் முன் சக்கரம் இழுக்கவே இல்லை.

ஹப்பை, அதாவது முன் சக்கரத்தின் நடுவில் இருக்கிற பூட்டைக் கையால் திருப்புகிற வண்டி என்றால் இரண்டு பக்கமும் லாக்கில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு பக்கம் ஃப்ரீயில் இருந்தாலே போதும், இரண்டு சக்கரத்துக்கும் சுற்றலைப் பங்கிடுகிற டிஃபரன்ஷியல் அதை எல்லாம் அந்தப் பக்கம் தள்ளிவிடும், லாக் ஆன சக்கரமும் சும்மா நிற்கும். இரண்டும் லாக்தான் என்றால், பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, தாங்கியும் வைத்துவிட்டுக் கையால் சுற்றுங்கள். சக்கரம் சுற்றி உள்ளே ஷாஃப்ட் அசையாமல் நின்றால் கோளாறு அந்த ஹப்பில்தான். பெரும்பாலும் கிரீஸ் காய்ந்து இறுகியிருக்கும்.

கம்பம்மெட்டு: 4எச்-இல் போட்டு மலை இறங்கினேன். இப்போது 2எச்-க்கு வர மாட்டேன் என்கிறது, ஸ்டியரிங்கும் கல்லாகிவிட்டது.

தார் ரோட்டில் 4எச் போட்டு ஓட்டினீர்களா ஐயா? அதுதான் காரணம். வளைவில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடும். முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாத வண்டியில் அந்த வித்தியாசம் ஷாஃப்டில் முறுக்காக ஏறும். சேற்றில் டயர் கொஞ்சம் வழுக்கி முறுக்கை விட்டுவிடும், காய்ந்த தாரில் விடாது. உதாரணத்துக்குப் போடிமெட்டிலிருந்து கீழே 17 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் முறுக்கு ஏறினால் என்ன ஆகும் என்று பாருங்கள். லிவரை உதைக்காதீர்கள். 2எச் போட்ட நிலையில் நேராகப் பத்து இருபது அடி ரிவர்ஸ் எடுங்கள், 'டக்' என்று விட்டுவிடும். விடாவிட்டால் மண் ஓரத்தில் இறக்கி முன்னும் பின்னும் நகர்த்துங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் வேறு அளவு டயர் போட்டிருந்தாலும் இதே தொல்லைதான், நேர்ரோட்டிலேயே வரும்.

சூரியநெல்லி: கொழுக்குமலை இறக்கத்தில் 4எல் தானாகக் கழன்றுவிடுகிறது. கையால் பிடித்துக்கொண்டே ஓட்டுகிறேன்.

தம்பி, இன்றைக்கே நிறுத்துங்கள். நியூட்ரலுக்குத் தாவினால் இன்ஜின் பிடிப்பு மொத்தமும் போய்விடும், அந்தக் கல்பாதையில் ஆட்களை வைத்துக்கொண்டு வெறும் பிரேக்கை நம்ப முடியாது. கியரில் போட்டு நிறுத்தினாலும் வண்டி உருளும். லிவர் இணைப்பின் புஷ் தேய்ந்திருக்கலாம், சேறு காய்ந்து அடைத்து லிவர் முழுசாகப் போய் விழாமல் இருக்கலாம், இன்ஜின் மவுண்ட் தளர்ந்திருக்கலாம். இவை சரியாக இருந்தால்தான் உள்ளே ஃபோர்க், ஸ்பிரிங் பார்க்க இறக்க வேண்டும்.

சாந்தன்பாறை: புது வண்டி. 4எச்-இல் ஓடையில் மாட்டினேன், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று மட்டும் சுற்றியது. கோளாறா?

இல்லை, ஃபோர் வீல் நன்றாகவே விழுந்திருக்கிறது. டிஃபரன்ஷியல் லாக் இல்லாத ஆக்சிலில், பிடிப்பு இல்லாத சக்கரம்தான் சுற்றும். சுற்றுகிற சக்கரத்துக்கு அடியில் கல்லோ கட்டையோ கொடுத்து மெதுவாக ஏற்றுங்கள்.

மழை இல்லாத மாதத்திலும் ஃபோர் வீலைப் பயன்படுத்தாமல் விட்டுவிடாதீர்கள். டொயோட்டா மாதிரி கம்பெனிகள் மாதம் 16 கிலோமீட்டராவது ஃபோர் வீலில் ஓட்டச் சொல்கின்றன, முன்பக்கப் பாகங்களுக்கு ஆயில் ஏறத்தான். மண்பாதையில் ஓட்டுங்கள். ஓடையில் ஆழமாக இறங்கிய வண்டியென்றால் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் போய்விட்டது, அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.