லேபிளைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு நாணயத்தைப் பாருங்கள்

கேள்வி: பழைய நாணயம் வாங்கும்போது ஹோல்டரில் எழுதியிருக்கும் தரத்தை அப்படியே நம்பலாமா, நாமும் சோதித்துப் பார்க்க வேண்டுமா?

கட்டாயம் பார்க்க வேண்டும். ஒரு விக்டோரியா வெள்ளி ரூபாயில் ஏமாந்த பிறகுதான் எனக்கு இது உறைத்தது.

சதுர அட்டை ஹோல்டர், மேலே அழகான கையெழுத்தில் 'யுஎன்சி' என்று எழுதியிருந்தது. புழக்கத்துக்கே போகாத காசு என்று அர்த்தம். காசும் பளபளவென்று இருந்தது. பையில் லென்ஸ் இருந்தும் நான் அதை வெளியே எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து மேசை விளக்கின் கீழ் சாய்த்துப் பார்க்கிறேன், ராணியின் முகத்துக்கு முன்னால் இருக்கும் வெற்றுப் பரப்பு முழுக்க மெல்லிய கீறல்கள். எல்லாம் ஒரே திசையில். யாரோ பாலிஷைத் துணியில் தொட்டு அழுத்தித் தேய்த்திருக்கிறார்கள். கன்னத்திலும் கிரீடத்தின் மேட்டிலும் விவரங்கள் மழுங்கிப் போயிருந்தன. நன்றாகப் புழங்கிய காசைத்தான் தேய்த்துப் புதுசாக்கியிருக்கிறார்கள்.

அன்றைக்கு நான் பார்த்தது பளபளப்பைத்தான். புதுக் காசின் ஒளி வேறு மாதிரி இருக்கும். அச்சு அழுத்தும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடுகிறது. அந்த ஓட்டம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிகளைப் பரப்பில் விட்டுப்போகும். ஒற்றை விளக்கின் கீழ் காசை மெதுவாகச் சாய்த்துச் சுழற்றினால், அந்த வரிகளில் பட்டு வெளிச்சம் சக்கரத்தின் ஆரக்கால்போல மையத்தைச் சுற்றி வரும். இதைத்தான் சேகரிப்பவர்கள் லஸ்டர் என்கிறோம். தேய்த்துவிட்டால் முதலில் போவது இந்த வரிகள்தான். அப்புறம் எப்படித் திருப்பினாலும் எவர்சில்வர் டம்ளர் மாதிரி மொத்தமாக மினுங்கும், வெளிச்சம் சுற்றி வராது. இதைப் பார்க்கக் கூரை ட்யூப்லைட் உதவாது. ஒரே இடத்திலிருந்து வரும் வெளிச்சம் வேண்டும்.

கண்ணாடிபோன்ற பெட்டியில் சீல் வைத்து வரும் நாணயங்களுக்கு இது தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். நாணயத்தைச் சோதித்து, 1 முதல் 70 வரை ஒரு தர எண் கொடுத்து, அப்படிச் சீல் வைத்துத் தரும் அமெரிக்க நிறுவனங்கள் பிசிஜிஎஸ், என்ஜிசி. முன்னது 1986-இலும் பின்னது 1987-இலும் தொடங்கியவை, இரண்டும் பெயர் பெற்றவை. நானும் அந்தப் பெட்டிகளை வாங்குகிறேன். ஆனால் அந்த எண், சிலர் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துச் சொன்ன கருத்து. எம்எஸ் 64 (எம்எஸ் என்றால் புழங்காத காசு) என்ற ஒரே எண்ணில் இரண்டு நாணயம் எடுத்து வைத்தால், ஒன்றில் அச்சு ஆழமாக விழுந்து முடியிழைகூடத் தெரியும், கன்னத்தில் ஒரு வெட்டு இருக்கும். இன்னொன்றில் கன்னம் சுத்தமாக இருக்கும், அச்சு சரியாக விழாமல் காதுப்பக்கம் தட்டையாக இருக்கும். எனக்கு முதலாவதுதான் பிடிக்கும், உங்களுக்கு இரண்டாவது பிடிக்கலாம். லேபிள் இதைச் சொல்லாது. அப்புறம் 'டீட்டெயில்ஸ்' என்ற சொல் லேபிளில் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். கழுவியது, கீறியது, பழுது பார்த்தது என்று ஏதோ ஒரு குறை அதற்குள் இருக்கிறது. பெரிய எழுத்தில் இருக்கும் தரத்தை மட்டும் படித்துவிட்டுப் பணம் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்த 1 முதல் 70 வரையிலான அளவுகோலை 1949-இல் முன்வைத்தவர் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கச் சேகரிப்பாளர். அமெரிக்காவின் பழைய பெரிய சென்ட் காசுகளுக்காக அவர் போட்ட விலைக் கணக்கு அது: 70 வாங்கும் காசு, 1 வாங்கும் காசைவிட எழுபது மடங்கு விலை பெறும் என்று. அவர் இறந்த பிறகு இன்னொன்று வெளியே வந்தது. அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் தொகுப்பிலிருந்த நல்ல சென்ட்களை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் மட்டமானவற்றை வைத்திருக்கிறார் மனிதர்! உறையில் எழுதியிருந்ததை நம்பி யாரும் உள்ளே இருந்த காசைத் திரும்ப உற்றுப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

அரிய வகை என்று சொல்லி விற்கும்போது தரத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. மார்கன் டாலர் என்ற அமெரிக்காவின் பழைய வெள்ளி டாலரில் 1893-எஸ், அதாவது சான் பிரான்சிஸ்கோ சாலையில் 1893-இல் அடித்து 'எஸ்' எழுத்துப் போட்டது, அச்சானது 1,00,000 மட்டும். அதே ஆண்டின், அதைவிட எளிதாகக் கிடைக்கும் டாலரை எடுத்து, பின்பக்கம் மாலைக்குக் கீழே ஒரு 'எஸ்' எழுத்தை ஒட்டிவிடுவார்கள். பத்து மடங்கு லென்ஸில் அந்த எழுத்தின் அடியைப் பாருங்கள். அச்சில் வந்த எழுத்து பரப்போடு சேர்ந்தே எழும்பியிருக்கும், ஒட்டிய எழுத்தின் அடியில் மெல்லிய கோடோ இடைவெளியோ தெரியும். ஒட்டியவர் கைதேர்ந்தவராக இருந்தால் இதுவும் தெரியாது. அப்போது முன்பக்கம் திருப்புங்கள். உண்மையான 1893-எஸ் எல்லாமே ஒரே முன்பக்க அச்சில் அடித்தவை. அந்த அச்சில் இருந்த குறை ஒவ்வொரு காசிலும் இறங்கியிருக்கிறது: தலைப்பட்டையில் 'லிபர்ட்டி' என்ற சொல்லில் 'டி' எழுத்தின் மேல் ஒரு சின்னச் சாய்ந்த கோடு. ஒட்டுவேலை செய்தவர் பின்பக்கத்தை மாற்றினாரே தவிர, இந்தக் கோட்டுக்கு எங்கே போவார்? வாங்க நினைக்கும் நாணயத்துக்கு இப்படி ஓர் அடையாளம் இருக்கிறதா என்று முன்கூட்டியே படித்துவிட்டுப் போங்கள்.

எடை பார்ப்பது சுலபம். மார்கன் டாலர் 26.73 கிராம், விக்டோரியா ரூபாய் 11.66 கிராம். புழங்கிய காசில் சற்றுக் குறையலாம், புதுசு என்று சொல்லும் காசில் குறையக் கூடாது. காந்தத்தில் ஒட்டினால் வெள்ளியில்லை. ஒட்டாததாலேயே வெள்ளி என்று சொல்லிவிடவும் முடியாது, செம்பும் பித்தளையும்கூட ஒட்டாது. விளிம்பைச் சுற்றி ஒரு கோடு ஓடினால் வார்த்த போலியாக இருக்கலாம், அங்கேயே கீழே வைத்துவிடுங்கள்.

பெட்டியிலும் போலி வருகிறது. சான்றிதழ் எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்ப்பது பாதி வேலைதான், ஏனென்றால் உண்மையான எண்ணையே திருடிப் போலிப் பெட்டியில் அச்சடிப்பார்கள். தளத்தில் படம் இருந்தால் பெரிதாக்கி, கன்னத்தில் இருக்கும் ஒரு வெட்டையோ விளிம்புக் கறையையோ கையில் இருக்கும் காசோடு ஒப்பிடுங்கள். கைரேகைபோல அது ஒன்றுக்கொன்று மாறும்.

"லேபிளே இருக்கே சார், எதுக்கு லென்ஸ்?" என்று கேட்பவரிடம் நான் சிரித்துவிட்டு வந்துவிடுவேன்.

அந்த ரூபாயை நான் விற்கவில்லை. ஹோல்டரில் 'யுஎன்சி'யை அடித்துவிட்டு 'தேய்த்தது' என்று எழுதி வைத்திருக்கிறேன். புதிதாக வெள்ளிக் காசு எது வாங்கினாலும் இதையும் பக்கத்தில் வைத்து, ஒரே விளக்கின் கீழ் இரண்டையும் சாய்த்துப் பார்ப்பேன்.