சிறுகுடல் பையில் ஓட்டை விழுந்தால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அப்பாவுக்கு வயது 72. திடீரென்று வயிற்றுவலி. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். மறுநாள் சி.டி. எடுத்ததும் ஜெஜுனத்தில் (சிறுகுடலின் நடுப்பகுதி) டைவர்ட்டிகுலம், அதாவது குடல்சுவரில் பிதுங்கிய பை, ஓட்டையாகியிருக்கிறது என்கிறார்கள். எக்ஸ்ரேயில் ஏன் தெரியவில்லை?

பதில்: பை முளைக்கும் இடம்தான் காரணம். ரத்தக்குழாய்கள் குடல்சுவரைத் துளைத்து நுழையும் புள்ளிகளில் தசை பலவீனமாக இருக்கும். வயதான காலத்தில் உட்படலம் அந்த வழியாகப் பிதுங்கிப் பையாகிறது. பைக்குத் தசைச்சுவர் கிடையாது. ரத்தக்குழாய்கள் மீசென்டரி எனும் தாங்குசவ்வு வழியாகவே வருவதால், பையும் அதன் இரு மடிப்புகளுக்கு நடுவிலுள்ள கொழுப்பில் ஒளிந்திருக்கும். ஓட்டை விழுந்தால் காற்றும் சீழும் பெரும்பாலும் அந்தக் கொழுப்புக்குள்ளேயே அடைபட்டுவிடும். நிமிர்ந்து எடுக்கும் எக்ஸ்ரேயில் நாம் தேடுவது உதரவிதானத்துக்கு அடியில் சேரும் காற்றை. அது அங்கே போய்ச் சேரவே இல்லையென்றால் படம் சுத்தமாகத்தான் இருக்கும். வயிறும் பலகைபோல் இறுகாது. ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கு அறிகுறிகள் இன்னும் மழுங்கும். எக்ஸ்ரே சுத்தம் என்று வயதானவரை வீட்டுக்கு அனுப்புவதுதான் இந்த நோயில் அடிக்கடி நடக்கும் பிழை.

கேள்வி: பயிற்சி மருத்துவர் நான். சி.டி.யில் எதைத் தேட வேண்டும்?

பதில்: சிரைவழி கான்ட்ராஸ்ட் (படத்தில் உறுப்புகளைத் துலக்கிக் காட்டும் மருந்து) கொடுத்து எடுங்கள். குடலின் மீசென்டரி பக்கத்தில் காற்றும் திரவமும் அல்லது மலம் போன்ற பொருளும் நிறைந்த வட்டப் பை. அதன் சுவரில் ஜெஜுனத்துக்கே உரிய குறுக்கு மடிப்புகள் இருக்காது. சுற்றிலும் கலங்கிய கொழுப்பு, அதில் பொட்டுப் பொட்டாகக் காற்றுக் குமிழ்கள். காற்றைத் துலக்கிக் காட்டும் நுரையீரல் விண்டோ எனும் பட அமைப்புக்கு மாற்றிப் பாருங்கள். கொழுப்பில் கரைந்து மறையும் குமிழ்கள் அதில் பளிச்சென்று தெரியும். விழுங்கிய மீன்முள், கிரோன் நோய் (நாள்பட்ட குடல் அழற்சி), லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) ஆகியவையும் இதே தோற்றம் தரலாம். ஓட்டை சந்தேகம் இருக்கும்போது, எக்ஸ்ரேக்காகக் குடிக்கத் தரும் பேரியம் வேண்டவே வேண்டாம். அது வயிற்றறைக்குள் கசிந்தால் கடுமையான அழற்சி.

கேள்வி: அறுவை சிகிச்சை கட்டாயமா?

பதில்: எல்லோருக்கும் இல்லை. ரத்த அழுத்தம் நிலையாக இருந்து, வயிறு முழுதும் அழற்சி பரவாமல், கசிவும் அடைபட்டிருந்தால் வாய்வழி உணவை நிறுத்தி, சிரைவழித் திரவமும் ஆன்டிபயாடிக்கும் கொடுத்துப் பார்க்கலாம். செஃப்ட்ரையாக்சோன் நாளுக்கு 2 கிராம், கூடவே மெட்ரோனிடசோல் 8 மணிக்கு ஒருமுறை 500 மி.கி. என்பது பெரியவர்களுக்கு வழக்கமான ஒரு முறை. 3, 4 செ.மீ.க்கு மேல் சீழ்க்கட்டி இருந்தால் ஸ்கேன் பார்த்தபடி குழாய் வைத்து வடிப்பார்கள். ஆனால் ஒரே மருத்துவர் திரும்பத் திரும்ப வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். நாடித்துடிப்பு ஏறுகிறது, வலி பரவுகிறது, 48 மணி நேரத்திலும் முன்னேற்றமில்லை என்றால் காத்திருப்பது ஆபத்து.

கேள்வி: ஓட்டையை மட்டும் தைத்து மூட முடியாதா? பல பைகள் இருந்தால் எல்லாவற்றையும் எடுப்பார்களா?

பதில்: இரண்டுமே தவறான வழி. அழற்சியில் ஊறிய, தசையற்ற சுவரில் தையல் நிற்காது, மறுபடி கசியும். ஓட்டையான குடல் துண்டை வெட்டி, நல்ல முனைகளை இணைப்பதுதான் முறை. மற்ற பைகள் சும்மா இருந்தால் விட்டுவிடலாம். அவற்றைத் துரத்திக்கொண்டு போனால் குடல் குறைந்துவிடும். மிஞ்சும் சிறுகுடல் 200 செ.மீ.க்குக் கீழே போனால் ஊட்டச்சத்தை உறிஞ்சவே திணறும். எனவே மிச்ச நீளத்தை அளந்து குறிப்பில் எழுதுவது நல்ல பழக்கம். நோயாளி ரத்த அழுத்தம் சரிந்து அதிர்ச்சி நிலையில் இருந்தால் முனைகளை ஸ்டேப்ளரால் மூடிவிட்டு, நிலை சீரானதும் 24 முதல் 48 மணி நேரத்தில் திரும்பி வந்து இணைக்கலாம்.

கேள்வி: சிறுகுடலின் முதல் பகுதியான டியோடினத்துப் பையும் இப்படித்தானா?

பதில்: இல்லை. அது பெரும்பாலும் பித்தநாளத் திறப்புக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஓட்டையானால் காற்று முதுகுப்புறமாக, வலது சிறுநீரகத்தைச் சுற்றி நிற்கும். அங்கே கத்தி வைத்தால் பித்தநாளமும் கணையமும் பலியாகலாம். அதனால்தான் அடைபட்ட கசிவுக்கு முதலில் மருந்து.

கேள்வி: மெக்கல் டைவர்ட்டிகுலம்?

பதில்: பிறவியிலேயே வருவது, முழுச் சுவரும் உள்ளது, மீசென்டரிக்கு எதிர்ப்பக்கம் இருப்பது. ஆகவே ஓட்டையானால் நேரே வயிற்றறைக்குள் கொட்டும். அப்பென்டிக்ஸ் என்று எண்ணித் திறப்பவர்கள் உண்டு. அப்பென்டிக்ஸ் நன்றாக இருந்தால் சிறுகுடலின் இறுதிப் பகுதியான இலியத்தின் கடைசி 60 செ.மீ.யாவது புரட்டிப் பாருங்கள்.

கேள்வி: தற்செயலாக எடுத்த ஸ்கேனில் வயிற்றறைக்குள் காற்று, ஜெஜுனத்தில் பைகள். வலியோ காய்ச்சலோ இல்லை. ஆபரேஷன் என்கிறார்கள்?

பதில்: மெல்லிய பைச்சுவர் வழியாகக் காற்று மட்டும் கசிவது ஜெஜுனப் பைகளில் அறியப்பட்ட விஷயம். வயிறு மிருதுவாக, ரத்தத்தில் வெள்ளணுக்களும் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யும் இயல்பாக, ஸ்கேனில் திரவமும் இல்லாமல் இருந்தால் மருத்துவமனையில் வைத்துக் கண்காணிக்கலாம். படத்தை மட்டும் பார்த்து வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. இரண்டாவது அறுவை நிபுணரிடம் கருத்துக் கேளுங்கள். பைகளில் பாக்டீரியா பெருகி பி12 சத்தைத் தின்றுவிடும் என்பதால் அதையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.