அபராதம் கட்டிய கேஸும் வக்கீல் பதிவும்

கேள்வி: சட்டப்படிப்பு இறுதியாண்டில் இருக்கிறேன். 2022-ல் குடித்துவிட்டு பைக் ஓட்டியதாகப் பிடிபட்டு கோர்ட்டில் ரூ.10,000 கட்டினேன். மறு ஆண்டு கல்லூரிப் போராட்ட எஃப்.ஐ.ஆரில் என் பெயரும் சேர்ந்தது. ஸ்டேஷனில் கேட்டால் "அது முடிஞ்சுபோச்சு தம்பி" என்கிறார்கள். பணம் கட்டி முடித்த ஹெல்மெட் செலான் ஒன்றும் உண்டு. வக்கீலாகப் பதிவு செய்ய பார் கவுன்சிலுக்குக் கொடுக்கும் விண்ணப்பத்தில் வழக்கே இல்லை என்று எழுதலாமா?

பதில்: எழுதாதீர்கள். ஹெல்மெட் செலானை மறந்துவிடலாம். கோர்ட்டுக்குப் போகாமல் தொகை கட்டிச் சமரசமாக முடிக்கக்கூடிய குற்றங்களை மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 200 பட்டியலிடுகிறது; அதன்படி தொகை கட்டியதோடு அந்த விவகாரம் தீர்ந்தது.

குடிபோதை வழக்கு அப்படியல்ல. பிரிவு 185 அந்தச் சமரசப் பட்டியலிலேயே இல்லை, அதனால்தான் உங்களைக் கோர்ட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அது தண்டனைதான். "ஃபைன்தானே, ஜெயில் இல்லையே" என்று பலரும் ஏமாறுவது இங்கேதான்.

அதற்காகப் பதிவு கைநழுவிப் போகாது. வழக்கறிஞர்கள் சட்டம் 1961, பிரிவு 24ஏ தடுப்பது ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்தில் தண்டனை பெற்றவர்களை. திருட்டு, மோசடி, போலி ஆவணம் போன்றவை அதில் வரும்; யாருக்கும் காயமில்லாத குடிபோதை வழக்கைப் பொதுவாக அப்படிப் பார்ப்பதில்லை. ஆனால் மறைத்தால் பிரிவு 26 வரும்: முக்கியமான உண்மையைத் திரித்துப் பதிவு வாங்கியவரின் பெயரை, விளக்கம் கேட்டுவிட்டு, இந்திய பார் கவுன்சில் நீக்கலாம். பத்து வருடம் பிராக்டீஸ் செய்த பிறகும் இது நடக்கலாம்.

போராட்ட வழக்கில் வாய்வார்த்தையை நம்பாதீர்கள். மேல் நடவடிக்கை கைவிடுவதாகப் போலீஸ் எழுதிய இறுதி அறிக்கை நடுவர் நீதிமன்றத்துக்குப் போய் ஏற்கப்பட்டிருக்க வேண்டும். போகவில்லை என்றால் ஸ்டேஷன் பதிவேட்டில் அது இன்னும் புலன்விசாரணையில்தான் கிடக்கும். சரிபார்ப்புக்கு வரும் போலீஸ்காரர் அதைத்தான் எழுதுவார். எஃப்.ஐ.ஆரில் உள்ள குற்ற எண்ணையும் ஆண்டையும் வைத்து அந்த நீதிமன்றத்தில் விசாரித்து, இறுதி அறிக்கையை ஏற்ற உத்தரவுக்கும் 2022 தீர்ப்புக்கும் நகல் மனு போடுங்கள். சில்லறை வழக்குக் கட்டுகளைச் சில ஆண்டுகளில் அழித்துவிடுவார்கள், தள்ளிப்போடாதீர்கள்.

படிவத்தின் வினைச்சொல்லைக் கவனியுங்கள். "நிலுவையில் உள்ளதா", "தண்டனை பெற்றதுண்டா", "எப்போதாவது வழக்குப் பதிவானதா" மூன்றும் வேறு வேறு கேள்விகள். கேட்டதற்கு மட்டும், ஆனால் முழுதாக எழுதுங்கள். இப்படி (எஸ்.டி.சி. என்றால் சுருக்க விசாரணை வழக்கு):

"2022-ல் மோ.வா. சட்டம் பிரிவு 185-ன்கீழ் வழக்கு, எஸ்.டி.சி. எண் ___. குற்றத்தை ஒப்புக்கொண்டு ரூ.10,000 அபராதம் செலுத்தினேன். தீர்ப்பு நகல், ரசீது இணைப்பு."

சூழ்நிலை, நண்பர்கள், வருத்தம் எதுவும் வேண்டாம். பூர்த்தி செய்த படிவத்தை ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். நாளை அரசு வழக்கறிஞர் பணிக்கோ நீதிபதி தேர்வுக்கோ போனால் அங்கேயும் இதே கேள்வி வரும். இரண்டு பதிலும் ஒத்துப்போக வேண்டும்.