மலைக்குப் பணம் கட்டும் முன்: கேள்வி-பதில்

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர், எல்லோருக்கும் நாற்பது வயதுக்கு மேல். மலைக் கிராமங்களில் தங்கி, காட்டு வழியே நடந்து, 4,600 மீட்டர் உயரக் கணவாயைக் கடக்கத் திட்டம். ஒரு நிறுவனம் 7 நாளில் முடித்துத் தருகிறது. இன்னொன்று அதே பாதைக்கு 9 நாள் கேட்கிறது, பணமும் அதிகம். நாங்கள் தினமும் ஓடுகிறவர்கள். 7 நாள் போதாதா?

பதில்: போதாது. இரண்டு பேரின் அட்டவணையையும் அனுப்பியிருக்கிறீர்கள், நல்லது. அதில் இரவு தங்கும் உயரத்தை மட்டும் பாருங்கள். 7 நாள் திட்டத்தில் முதல் நான்கு இரவுகள் 2,000, 2,800, 3,500, 4,200 மீட்டர். 3,000 மீட்டரைத் தாண்டியபின், தங்கும் உயரம் ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். மலை மருத்துவத்தில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு இது. உங்கள் 7 நாள்காரர் அடுத்தடுத்து இரண்டு முறை 700 மீட்டர் ஏற்றுகிறார். மற்றவர் 2,800-க்குப் பிறகு 3,200, 3,600, மறுபடி 3,600, அப்புறம் 4,000 என்று போகிறார். கூடுதல் பணம் அந்த இரவுகளுக்குத்தான்.

ஓட்டப் பயிற்சி கால்களுக்கு உதவும், உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோயைத் தடுக்காது. 3,500 மீட்டரில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். உடம்பு அதற்குப் பழக நாள் பிடிக்கும். தலைவலியோடு குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை என்று சேர ஆரம்பித்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, நடு இரவானாலும் உடனே கீழே இறக்க வேண்டும். "எங்களிடம் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறது" என்று தைரியம் சொல்வார்கள். இருக்கட்டும், அவசியம்தான். ஆனால் அது இறங்குவதற்கு மாற்று இல்லை.

அதனால் முன்பணம் கட்டுமுன் இதைக் கேளுங்கள்: ஒருவர் பாதியில் இறங்க வேண்டி வந்தால் அவரோடு யார் போவார்? குழுவுக்கு ஒரே வழிகாட்டி என்றால், ஒன்று எல்லோரும் இறங்க வேண்டும், இல்லையென்றால் நோயாளி தனியாக இறங்க வேண்டும். அந்த இடத்தில்தான் "கொஞ்சம் சமாளித்துக்கொள்ளுங்கள்" என்ற பேச்சு வரும். இரண்டு பேராவது வருகிறார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பாதியில் இறங்குகிறவரின் வண்டிச் செலவு, தங்கும் செலவு யாருடையது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். "எல்லாம் உட்பட" என்ற வரியை நம்பி விட்டுவிடாதீர்கள். எதெல்லாம் உட்படவில்லை என்று பட்டியல் கேட்டால்தான் வன அனுமதிக் கட்டணம், சுமைதூக்குபவர் கூலி, படுக்கை வாடகை எல்லாம் வெளியே வரும்.

இன்னொன்று. விலை ரொம்பவே குறைவாக இருந்தால், அந்தக் குறைவு பெரும்பாலும் சுமை தூக்குகிறவர் முதுகில்தான் விழுகிறது. ஒருவர் எத்தனை கிலோ தூக்குவார், அவருக்குக் காப்பீடும் குளிருக்கான உடையும் காலணியும் உண்டா, இரவில் எங்கே படுப்பார் என்று கேளுங்கள். அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. தடுமாறிப் பதில் சொல்கிற நிறுவனத்துக்கு நான் பணம் கட்ட மாட்டேன்.

கேள்வி: ஆன்லைனில் "−10 டிகிரி" என்று போட்ட ஸ்லீப்பிங் பேக் பார்த்தேன். நாங்கள் போகும் இடத்தில் இரவு −5 வரை போகுமாம். வாங்கலாமா?

பதில்: அந்த −10 எந்த −10 என்று முதலில் பாருங்கள். ஸ்லீப்பிங் பேக்குக்கான ஐஎஸ்ஓ 23537 என்ற சர்வதேசத் தரப்படி சோதித்த பையில் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று எண்கள் இருக்கும். கம்ஃபர்ட் என்பது நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர். எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் தப்புவதற்கான எல்லை, லிமிட் இரண்டுக்கும் இடைப்பட்டது. எக்ஸ்ட்ரீம் குளிரில் உடம்பு விறைத்துப்போகும் ஆபத்து உண்டு. எந்தத் தரமும் சொல்லாமல் ஒரே எண்ணைப் பெரிதாகப் போட்டிருந்தால் அதை நம்பி வாங்காதீர்கள். உங்களுக்குக் கம்ஃபர்ட் எண்ணே −5 அல்லது அதற்கும் கீழே இருக்க வேண்டும்.

கீழே விரிக்கும் பாயையும் மறக்க வேண்டாம். உடம்பின் கனத்தில் பையின் அடிப்பக்கம் நசுங்கிவிடும். நசுங்கிய பஞ்சு சூடு காக்காது. தரைக் குளிரைத் தடுப்பது பாய்தான். அது எவ்வளவு குளிர் தடுக்கும் என்பதைச் சொல்லும் ஆர் மதிப்பு (R-value) 4-க்குக் குறையாமல் பாருங்கள். ஒரே ஒரு பயணம் என்றால் இரண்டையும் வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம். எடுக்கும்போது ஜிப்பை முழுக்க ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். சில இடங்களில் மட்டும் வெளிச்சம் அதிகமாக ஊடுருவினால், அங்கே பஞ்சு ஒதுங்கிவிட்டது.

கேள்வி: என் பயணக் காப்பீட்டில் "ட்ரெக்கிங்" உண்டு என்று போட்டிருக்கிறது. போதும்தானே?

பதில்: அடுத்த வரியையும் படியுங்கள். பல பாலிசிகளில் உயர வரம்பு இருக்கும். 4,600 மீட்டர் போகிறவருக்கு 4,000 வரை மட்டும் காப்பு என்றால், வேண்டிய இடத்தில் அது உதவாது. ஹெலிகாப்டர் மீட்புக்கு முன் அனுமதி வேண்டுமா என்றும் பாருங்கள். வேண்டும் என்றால், நிறுவனத்தின் அவசர எண்ணும் பாலிசி எண்ணும் வழிகாட்டியிடமும் இருக்கட்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். க்ளெய்ம் மறுக்கப்பட அதுவே காரணமாகிவிடலாம்.

கேள்வி: பழைய மலையேற்ற ஷூ அலமாரியில் இருக்கிறது, அதிகம் போட்டதில்லை. புதிது தேவையா?

பதில்: பல வருடம் சும்மா கிடந்த ஷூதான் பாதி வழியில் அடிப்பாகம் கழன்று விழும். நடு அட்டையில் (மிட்சோல்) இருக்கும் பாலியூரித்தேன் என்ற மெத்தென்ற பிளாஸ்டிக் நுரை காற்றின் ஈரத்திலேயே மெல்ல உதிர்ந்துபோகிறது. குதிகால் ஓரத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். வெடிப்போ உதிரலோ தெரிந்தால் அதை விட்டுவிடுங்கள். புதிது வாங்கினால், கால் சற்று வீங்கியிருக்கும் மாலையில், மலையில் போடப்போகும் அதே சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். சரிவில் இறங்குவதுபோல் நிற்கும்போது விரல்கள் முன்னே முட்டக் கூடாது. முதல் சில நாள் வீட்டுக்குள்ளேயே நடங்கள். அடியில் மண் ஒட்டிய ஷூவைக் கடைக்காரர் திரும்ப வாங்குவது அபூர்வம்.