ஐந்து வெடி, எட்டுக் கணக்கு: சுடுதளத்தில் டைமர் ஏன் குழம்புகிறது?

கேள்வி: ஐயா, நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். கொழும்பில் ஒரு கழகத்தின் உள்ளரங்கச் சுடுதளத்தில் .22 பிஸ்டல் பயிற்சி எடுக்கிறேன். இலக்கு 25 மீற்றரில். வெளிநாட்டில் இருக்கும் மச்சான் தான் பாவித்த ஷொட் டைமரை, அதாவது தொடக்கத்தில் பீப் அடித்து ஒவ்வொரு வெடியின் நேரத்தையும் பதியும் சிறு கருவியை, தந்துவிட்டுப் போனார். ஐந்து வெடி சுட்டால் அது ஏழு, எட்டு என்று காட்டுகிறது. உணர்திறனைக் குறைத்தால் மூன்றுதான் பதிகிறது. சில நாட்களில் தொடக்க பீப்பே கேட்பதில்லை. கடைசியாகச் சுட்ட ஐந்து வெடிக்கு அது காட்டிய நேரங்கள் இவை: 1.84, 1.99, 2.63, 2.78, 3.41, 3.77, 4.20, 4.95 செக்கன். டைமர் பழுதா? புதிது வாங்குவதா, இல்லை போனில் ஒரு ஆப்பைப் போட்டுச் சமாளிக்கலாமா?

பதில்: எண்களை எழுதி அனுப்பியது நல்ல வேலை. "பிழையாகக் காட்டுது" என்று மட்டும் சொல்லியிருந்தால் நானும் பற்றரியை மாற்றிப் பாருங்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். இந்த எட்டு எண்களிலேயே விடை இருக்கிறது. உங்கள் டைமர் பழுதில்லை.

முதலில் அது என்ன செய்கிறது என்று பார்ப்போம். வெடி என்றால் என்ன என்று டைமருக்குத் தெரியாது. மைக்கில் விழும் சத்தம் ஓர் எல்லையைத் தாண்டினால் அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அந்த எல்லையைத்தான் உணர்திறன் செட்டிங்கில் ஏற்றி இறக்குகிறோம். ஒரு நேரத்தைக் குறித்ததும் மிகச் சிறிது நேரம் காதை மூடிக்கொள்ளும். அதற்குள் எது கேட்டாலும் பதியாது. மெனுவில் இதைப் பெரும்பாலும் 'எக்கோ' என்று போட்டிருப்பார்கள். பெயரும் அளவும் மொடலுக்கு மொடல் மாறும். வெளியில், திறந்த வெளிச் சுடுதளத்தில், இந்த இரண்டையும் தொடாமலே காலம் தள்ளலாம். நான்கு பக்கமும் கொங்கிரீட் சுவர், முன்னால் இரும்புத் தடுப்பு என்று வந்துவிட்டால் அது நடக்காது.

இப்போது உங்கள் எண்களுக்கு வருவோம். 1.84க்கும் 1.99க்கும் இடையில் 0.15. 2.63க்கும் 2.78க்கும் இடையிலும் அதே 0.15. மற்ற வெடிகளுக்கிடையில் முக்கால் செக்கன் எடுக்கும் கை, இரண்டு முறை மட்டும் அச்சொட்டாக அதே 0.15இல் சுடாது. ஒலி நம் ஊர் வெப்பத்தில் செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர் ஓடும். உங்கள் வெடிச்சத்தம் 25 மீற்றர் போய், ரவை தாங்கும் தடுப்பில் பட்டு, இன்னொரு 25 மீற்றர் திரும்பி வர 0.14 செக்கன். ரவை தடுப்பில் அடிக்கும் 'டக்' சத்தம் இன்னும் கொஞ்சம் பிந்தும்; .22 பிஸ்டல் ரவை ஒலியை விட மெதுவாகத்தான் போகும் என்பதால் அது வந்து சேர 0.16 வரை ஆகும். உங்கள் 0.15 சரியாக இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. ஆக 1.99, 2.78 இரண்டும் தடுப்பிலிருந்து திரும்பிய சத்தம்.

மிச்சமிருக்கும் 3.77தான் கொஞ்சம் வேறு. முந்தியதிலிருந்து 0.36 தள்ளி நிற்கிறது, அந்த இடைவெளி வேறெங்கும் திரும்ப வரவில்லை. அது பெரும்பாலும் பக்கத்து லேனில், அதாவது பக்கத்துச் சுடும் தடத்தில், நிற்பவர் சுட்டது. மூன்றையும் எடுத்துவிட்டால் 1.84, 2.63, 3.41, 4.20, 4.95. இடைவெளிகள் 0.79, 0.78, 0.79, 0.75. நல்ல சீரான கை உங்களுக்கு.

இனி எந்தச் சுடுதளத்தில் டைமர் குழம்பினாலும் செட்டிங்கில் கை வைப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள்: பதிந்த நேரங்களைத் தாளில் எழுதி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். கூடுதலாக வந்தது ஒவ்வொரு முறையும் ஒரே இடைவெளியில் வந்தால் எதிரொலி. கண்டபடி வந்தால் பக்கத்து லேன். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. பலர் எல்லாவற்றுக்கும் உணர்திறனைத்தான் குறைக்கிறார்கள். நீங்களும் அதைத்தான் செய்தீர்கள். பலன், சொந்த வெடியே பதியாமல் போனது.

எதிரொலிக்கு முதலில் எக்கோ செட்டிங். உங்கள் இரண்டு வெடிக்கு நடுவே முக்கால் செக்கன் இருப்பதால் டைமரின் காதை 0.25 செக்கன் வரை மூடி வைத்தாலும் உங்களுக்கு ஒரு வெடிகூடத் தவறாது. உங்கள் மொடல் அவ்வளவு தூரம் விடாவிட்டால் 0.20 போதும், தடுப்பின் சத்தம் அதற்குள் வந்து முடிந்துவிடும். ஆனால் இதை அப்படியே வேகமாகச் சுடும் ஒருவரிடம் சொல்லிவிடாதீர்கள். பழகியவர்கள் இரட்டை வெடியை 0.20க்கும் குறைவாகச் சுடுவார்கள். அவர்களின் இரண்டாவது வெடியை டைமர் விழுங்கிவிடும். அவர்கள் எக்கோவை 0.10க்குள் வைத்து, தடுப்பின் சத்தத்தை உணர்திறனால் மட்டுமே வெட்ட வேண்டியிருக்கும். 25 மீற்றர் உள்ளரங்கத்தில் அது பெரிய தலையிடி.

அப்புறம் டைமர் இருக்கும் இடம். இதை நான் செட்டிங்கை விடப் பெரிதாக நினைக்கிறேன். மேசையில் வைத்துச் சுடுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன், ஏனென்றால் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். மேசையில் வைத்தால் மைக் முன்னால், தடுப்பைப் பார்த்தபடி இருக்கும். லேன் பலகைகளில் பட்டுத் தெறிக்கும் சத்தமும் அங்கேதான் வந்து கூடும். இடுப்புப் பட்டியில் மாட்டுங்கள். அதிகம் சத்தம் போடும் லேன் எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப் பக்க இடுப்பில். உங்கள் உடம்பே ஒரு தடுப்பாக நிற்கும். சட்டை மைக் துளையை மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துப்பாக்கிக்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் உங்கள் வெடி மைக்கில் 6 டெசிபல் கூடக் கேட்கும். பக்கத்து லேன் இருந்த இடத்தில்தான் இருக்கும்.

இடத்தை மாற்றிய பிறகுதான் உணர்திறன். ஆகக் குறைந்த அளவில் தொடங்கி, ஒரு செக்கனுக்கு ஒன்றாக ஐந்து வெடி சுடுங்கள். ஐந்தும் பதியும் வரை ஒவ்வொரு படியாக ஏற்றி, அதற்கு மேல் ஒரே ஒரு படி. பிறகு நீங்கள் சும்மா நின்று, பக்கத்தில் இருப்பவரைச் சுடச் சொல்லிப் பாருங்கள். ஒன்றும் பதியக் கூடாது. இதை நீங்கள் வழக்கமாகச் சுடும் லேனிலேயே செய்ய வேண்டும். மூலை லேனின் சுவர் வேறு கதை சொல்லும்.

பக்கத்தில் சுடுபவரின் கையில் 9 மில்லிமீற்றர் பிஸ்டல் இருந்தால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: வெல்வது கடினம். .22 அதைவிடச் சத்தம் குறைவு. உங்கள் .22ஐப் பிடிக்கும் அளவுக்கு உணர்திறனை ஏற்றினால் அவருடைய வெடியும் பெரும்பாலும் உள்ளே வரும். விலை கூடிய மைக் டைமருக்கும் இந்தச் சிக்கல் வரலாம். ஓரத்து லேன் கேளுங்கள், ஆள் குறைந்த நேரத்தில் வாருங்கள். அதுவும் முடியாவிட்டால் 'பார்' முறைக்கு மாறுங்கள். ஐந்து வெடிக்கு ஐந்து செக்கன் என்று வைத்தால் தொடக்கத்தில் ஒரு பீப், ஐந்தாவது செக்கனில் இன்னொரு பீப். நடுவில் மைக் எதைப் பதிந்தாலும் உங்களுக்குக் கவலையில்லை. இரண்டாவது பீப்புக்கு முன் முடித்தீர்களா என்பது மட்டும்தான் கேள்வி. உங்கள் நிலையில் உள்ளவருக்கு இது வெடிக்கு வெடி நேரம் பார்ப்பதைவிட நல்ல பயிற்சி என்பேன்.

சரி, கேட்காத பீப். இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். பீப் கூர்மையான, உயர் அதிர்வெண் சத்தம். காதுக் கவசம் மிக நன்றாக அடைப்பதும் அதைத்தான். உள்ளே நுரைக் காதடைப்பான், மேலே கவசம் என்று இரண்டும் போட்டால் பீப் காணாமல் போவதில் அதிசயமில்லை. பீப் கேட்கவில்லை என்று கவசத்தை ஒருபோதும் தளர்த்தாதீர்கள்; .22 பிஸ்டல் சத்தமே 140 டெசிபலைத் தாண்டும், மூடிய அறையில் அது இன்னும் மோசம். சத்தத்தைக் கூட்டும் செட்டிங் இருந்தால் கூட்டுங்கள், இல்லாவிட்டால் சிறு சத்தங்களை உள்ளே விட்டு வெடியை மட்டும் அடக்கும் மின்னணுக் கவசம் வாங்குங்கள். டைமருக்குச் செலவழிக்க வைத்திருக்கும் காசை அதில் போடலாம்.

"சில நாட்களில்" என்கிறீர்களே, அதனால் பற்றரியையும் சந்தேகிக்கிறேன். டைமர் ஆகக் கூடுதலாக மின்சாரம் இழுப்பது பீப் அடிக்கும் அந்த நொடியில்தான். சோர்ந்த பற்றரி திரைக்குப் போதும், பீப்புக்குப் போதாது. சத்தம் கம்மும், சில வேளை டைமரே அணைந்து திரும்ப எழும்பும். உங்களுடையது 9 வோல்ற் வகை என்றால் புறக்கோட்டை நடைபாதையில் மலிவாகக் கிடைக்கும் சாதாரண பற்றரியைத் தவிருங்கள், அல்கலைன் போடுங்கள். பற்றரி மூடியைத் திறந்து முனைகளையும் பாருங்கள். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் வீட்டில் பச்சை பூத்திருந்தால் ஆச்சரியமில்லை. வினாகிரி கொஞ்சம் தொட்ட காதுப் பஞ்சால் துடைத்து, பிறகு ஐசோப்ரொப்பைல் அல்ககோலால் துடைத்துக் காயவிடுங்கள். பாவிக்காத நாட்களில் பற்றரியைக் கழற்றி வையுங்கள்.

துடைக்கும்போது ஒரு எச்சரிக்கை. உள்ளரங்கத்தில் இருந்த கருவியின் மேல் படிந்திருக்கும் கருந்தூசியில் ஈயம் இருக்கும். வாயால் ஊதுவதும் காற்றடித்துச் சுத்தம் செய்வதும் வேண்டாம். ஈரத் துணியால் துடைத்து, துணியை எறிந்துவிட்டு, சாப்பாட்டில் கை வைக்குமுன் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. வீட்டில், அமைதியான அறையில், துப்பாக்கி இல்லாமல் டைமரைத் தொடக்கி விடுங்கள். ஒன்றும் பதியக் கூடாது. பீப் முடிந்த கையோடு ஒவ்வொரு முறையும் ஒரு 'வெடி' பதிந்தால் அது தன் பீப்பின் எதிரொலியையே கேட்கிறது, உணர்திறனைக் குறையுங்கள். பிறகு உணர்திறனை உச்சத்தில் வைத்து மைக் துளைக்குப் பக்கத்தில் விரல் நகத்தால் தட்டுங்கள். தட்டுத் தட்டாகப் பதிந்தால் மைக் நலமாக இருக்கிறது. பதியாவிட்டால் மட்டும் புதிது வாங்குவது பற்றி யோசிக்கலாம்.

போன் ஆப்பை ரவை போடாத வெறும் துப்பாக்கியோடு வீட்டில் செய்யும் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், பீப்புக்கும் பார் நேரத்துக்கும் அது நன்றாக உதவும். சுடுதளத்துக்குச் சரிவராது. போன் மைக் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. 120, 130 டெசிபலிலேயே திணறிவிடும். போதாக்குறைக்குப் போனின் மென்பொருள் எதிரொலியை நீக்குகிறேன், இரைச்சலை அடக்குகிறேன் என்று வெடிச்சத்தத்தையே சில வேளை தின்றுவிடும். மச்சான் தந்த டைமரே மேல்.