எல்லாரும் குரூப்லதான் இருக்கோம், ஆனாலும் லோடு மாறிப் போகுது!

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் எட்டு பேர் சேர்ந்து தோப்புல மாங்கா எடுத்து அனுப்புறோம். வாட்ஸ்அப் குரூப்ல நாள் முழுக்க மெசேஜ் ஓடுது. ஆனா போன வாரம் மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போக வேண்டிய பெங்களூரா ரக மாங்கா லோடு மண்டிக்குப் போயிடுச்சு. தப்பு யார் மேலன்னே தெரியல, ஒருத்தரோட ஒருத்தர் பேச்சுவார்த்தையே கம்மியாயிடுச்சு, ரெண்டு பேர் சுத்தமா பேசிக்கறதே இல்ல.

பதில்: தம்பி, நீங்க அனுப்பின ஸ்கிரீன்ஷாட்ட நாலு தடவ பாத்துட்டேன். 11.42-க்கு ஒருத்தர் "வண்டி ரெடி, எங்க விடறது"ன்னு கேக்கறாரு, அதே நிமிஷம் இன்னொரு தோப்புல இருந்து "செந்தூரா எங்க"ன்னு கேள்வி, கீழ ஒரே ஒரு பதில், "மண்டிக்கு விடுங்க". அது செந்தூரா ரக மாங்காவுக்குச் சொன்னது, பெங்களூரா வண்டிக்காரர் தனக்குன்னு எடுத்துக்கிட்டாரு. இதுல யாரையும் குத்தம் சொல்ல முடியாது தம்பி, ஒருத்தர் மேல ஒருத்தர் கோவமா இருக்காதீங்க.

மொதல்ல, பதில் சொல்றப்ப அந்தக் கேள்விய வலது பக்கம் தள்ளி அதுக்குக் கீழயே எழுதுங்க. வண்டி நம்பர்ல கடைசி நாலு எண்ணு கட்டாயம் இருக்கணும். பதில் வாங்கினவரு வெறும் கட்டைவிரல் போட்டுட்டு விட்டுடக் கூடாது, "4417, பெங்களூரா, ஃபேக்டரி"ன்னு திருப்பி எழுதணும். விமானம் ஓட்டறவங்க கூட கன்ட்ரோல் டவர் சொன்னத அப்படியே திருப்பிச் சொல்லிட்டுத்தான் அடுத்த வேலைய பாப்பாங்க, அந்தப் பழக்கம் நமக்கும் வேணும்.

ரேட்ல இழுபறின்னா குரூப்ல இருபது மெசேஜ் ஓட்டாதீங்க, போன் போட்டு ரெண்டு நிமிஷத்துல பேசி முடிங்க. ஆனா பேசி முடிச்சதும் முடிவ ஒரே வரில குரூப்ல போட்டுடணும், இல்லன்னா எடை மேடைல நிக்கறவருக்கு அது தெரியவே தெரியாது, பழைய ரேட்டுக்கே சீட்டு எழுதிடுவாரு. நானும் ராயக்கோட்டைல தக்காளி மண்டி கணக்கு பாத்த காலத்துல இப்படி அடி வாங்கியிருக்கேன், அதான் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்.

வாய்ஸ் மெசேஜ் வேண்டாம், லாரி சத்தத்துல யாருக்கும் காதுல விழாது. காலைல எந்த வண்டி எங்கன்னு ஒரு மெசேஜ் போட்டு, அத குரூப் உச்சியிலயே நிக்கற மாதிரி 24 மணி நேரத்துக்கு 'பின்' (pin) பண்ணி வைங்க, லேட்டா வர்றவங்க மேல தேட வேண்டியதில்ல. டிரைவர 8 மணி நேரத்துக்கு லைவ் லொகேஷன் போட்டு விடச் சொன்னா "எங்கப்பா இருக்க"ங்கிற போனே பாதி கொறஞ்சிடும், அவரும் நிம்மதியா வண்டி ஓட்டுவாரு. குட் மார்னிங் படத்துக்குத் தனி குரூப் வெச்சுக்குங்க.

அப்புறம் அந்த 11.42 ஸ்கிரீன்ஷாட்ட எட்டு பேரும் ஒண்ணா உக்காந்து ஒரு தடவ பாருங்க, பேசாம இருக்கற அந்த ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வெச்சு.